தெற்கு வாசல், வடக்குத் தோட்டம்: மதுரையில் வாங்கிக் குடியிருந்த அனுபவம்

வடக்குப் பக்கம் தோட்டம் உள்ள வீட்டை வாங்கலாமா என்று யார் கேட்டாலும் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். மதுரைப் பக்கம் என்றால் இன்னும் அழுத்திச் சொல்வேன். ஆனால் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இரண்டு அளவுகளை எடுத்துவிடுங்கள். தோட்டம் வீட்டுச் சுவரிலிருந்து வடக்கே எத்தனை அடி நீள்கிறது? வீடு கைப்பிடிச்சுவரோடு சேர்த்து எத்தனை அடி உயரம்? அந்தத் தோட்டத்தில் எது விளையும், எது விளையாது என்பதை இந்த இரண்டும்தான் முடிவு செய்கின்றன.

எங்கள் வீடு அழகர்கோவில் சாலையில், கடச்சனேந்தலைத் தாண்டி இருக்கிறது. 2018இல் வாங்கினோம். மனை 40க்கு 60, ஐந்தரை சென்ட். தெரு தெற்கே, வாசலும் தெற்கே. முன்னால் வண்டி நிறுத்த 10 அடி, வீடு 26 அடி, பின்னால் வடக்கே 24 அடி தோட்டம். தெற்குப் பார்த்த வாசல் என்பதாலேயே அந்த வீடு வெகுநாள் விலை போகாமல் கிடந்தது. அதே தெருவில் எதிர்வரிசை வடக்குப் பார்த்த மனைகள் எல்லாம் அதற்குள் கைமாறிவிட்டன. எங்களுக்கு அது வசதியாகப் போயிற்று. விலை பேச இடம் இருந்தது. அப்போது முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 4 சதவீதம். 2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணத்தை 2 சதவீதமாகக் குறைத்தார்கள், கூடவே வழிகாட்டி மதிப்பும் ஏறியது. பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று பற்றி எல்லோரும் சொல்கிறார்கள். நான் திசையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

என் மாமியாருக்குத் தெற்கு வாசல் மனதுக்கு ஒப்பவில்லை. வாஸ்து பார்க்கிறவரை அழைத்து வந்தோம். அவர் பின்பக்கம் போய் நின்று பார்த்துவிட்டு, "தெக்கு வாசலுன்னு மலைக்காதீங்கம்மா. வடக்கயும் கெழக்கயும் எடம் தாராளமா விட்டிருக்கான், ஈசானியத்துல போர் இருக்கு, கன்னி மூலையில பெரிய ரூம்பு இருக்கு. வேற என்ன வேணும்?" என்றார். ஈசானியம் என்றால் வடகிழக்கு, கன்னி மூலை என்றால் தென்மேற்கு. அத்தை என்னைப் பார்த்து, "அப்பச் சரித்தா, பத்திரத்தப் போட்டுருங்க" என்றார். வாஸ்துவை நம்புகிறவர்கள் வாசலை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திவிடாதீர்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன். வடக்கே காலியிடம் வேண்டும் என்பதும் அதே சாஸ்திரம்தான்.

இனி வெயில். இங்கேதான் பலரும் தவறான கணக்கோடு வருகிறார்கள். தோட்டக்கலை பற்றிய இங்கிலாந்துக் காணொளிகளில் வடக்குத் தோட்டம் என்றால் ஆண்டு முழுக்க இருட்டு, பாசி, குளிர் என்று சொல்வார்கள். அந்த ஊருக்கு அது சரி. லண்டனில் டிசம்பர் கடைசியில் நண்பகல் சூரியன் அடிவானத்துக்கு மேலே 15 பாகைதான் எழும்புகிறது. அதே நாளில் மதுரையில் 56 பாகைக்கு மேல் நிற்கிறது. அது மட்டுமில்லை. மதுரை 10 பாகை வட அட்சத்தை ஒட்டி இருப்பதால், ஏப்ரல் 16ஐ ஒட்டி சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே வந்து, அதன்பின் வடக்கே போய்விடுகிறது. ஆகஸ்ட் 27 வாக்கில்தான் திரும்ப உச்சிக்கு வந்து தெற்கே இறங்குகிறது. தமிழ் மாதக் கணக்கில் சித்திரை பிறந்த ஓரிரு நாளிலிருந்து ஆவணி பத்து வரை நம் வீட்டின் நிழல் நண்பகலில் தெற்கே விழுகிறது, வடக்குத் தோட்டத்தில் ஒரு நூல்கூட விழுவதில்லை.

ஆக, இது ஒரு தோட்டம் இல்லை, இரண்டு. சித்திரை முதல் ஆவணி வரை பட்டப்பகல் முழுக்க வெயில் காயும் தோட்டம். ஐப்பசி முதல் மாசி வரை வீட்டை ஒட்டிய பாதி நிழலிலும் தள்ளியிருக்கும் பாதி வெயிலிலும் கிடக்கும் தோட்டம். இது புரிந்துவிட்டால் எந்தச் செடியை எங்கே வைப்பது என்பது தானாக விளங்கும்.

நிழலுக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. மதுரையில் டிசம்பர் கடைசியில், நண்பகலில், சுவரின் நிழல் அதன் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு. எங்கள் வீடு கடைக்கால் மேடை, தளம், கைப்பிடிச்சுவர் எல்லாம் சேர்த்துப் பதினைந்தரை அடி. நிழல் 10 அடி. காலை ஒன்பது மணி வாக்கிலும் மாலை மூன்று மணி வாக்கிலும் அது 14 அடிக்குப் போகும். பிப்ரவரி நடுவில் நண்பகல் நிழல் ஆறரை அடிக்குச் சுருங்குகிறது. மார்ச் 21இல் மூன்றடிகூட இல்லை. அக்டோபர் நடுவில் திரும்ப 5 அடி. 24 அடி ஆழத் தோட்டத்தில் கடைசிப் பத்தடிக்கு ஆண்டு முழுக்க நல்ல வெயில் உண்டு என்பது இதிலிருந்தே தெரிந்துவிடும். தரகர் "வெயிலா, அது நல்லா வரும்மா" என்று சொல்வதை விட ஒரு டேப்பும் இந்தக் கணக்கும் நம்பத் தகுந்தவை.

மல்லிகையில் இருந்து தொடங்குகிறேன், மதுரையில் அதை விட்டுவிட்டு எப்படிப் பேசுவது? 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ஊர் மல்லிக்கு முழு வெயில் வேண்டும். நிழலில் வைத்தால் இலை கொழுக்கும், மொட்டு வராது. அதனால் வடக்குத் தோட்டத்தில் மல்லி வராது என்று பக்கத்து வீட்டு மதினி சொன்னார்கள். நாங்கள் வீட்டிலிருந்து 12 அடி தள்ளி வைத்தோம். மல்லியை நவம்பர் கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டுக் கவாத்து செய்ய வேண்டும். அதன்பின் அது ஓய்வில் இருக்கும். நிழல் மிக நீண்டு நிற்பதும் அதே மார்கழியில்தான். செடி தூங்கும்போது காலை மாலை நிழல், மாசியில் தளிர் விடும்போது நிழல் பின்வாங்குகிறது, பங்குனி சித்திரையில் மொட்டு கட்டும்போது முழு வெயில். இதைவிடப் பொருத்தமான இடம் மல்லிக்கு எங்கள் மனையில் இல்லை. மார்கழி, தையில் மாட்டுத்தாவணி பூச்சந்தையில் கிலோ ஆயிரக்கணக்கில் விற்கும்போது எங்கள் வீட்டிலும் பூ கிடையாது, அதை எதிர்பார்க்கவும் கூடாது. வைகாசி, ஆனியில் அத்தை தினமும் சாயங்காலம் பூக்கட்ட உட்கார்ந்துவிடுவார்கள். தெருவுக்கே போகும்.

வீட்டை ஒட்டிய முதல் 6 அடிதான் யோசித்துச் செய்ய வேண்டிய இடம். ஐப்பசியிலிருந்து மாசி வரை ஈரமும் நிழலும், சித்திரையில் திடீரென்று உச்சி வெயில். இந்த இரண்டையும் தாங்கும் செடி குறைவு. இதற்கு வழி சோழவந்தான் கொடிக்காலில் கிடைத்தது. அங்கே வெற்றிலைக் கொடியை அகத்தி மரத்தில்தான் ஏற்றுகிறார்கள். அகத்தியே கொழுகொம்பு, அகத்தியே நிழல். நாங்களும் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி அகத்தியை வரிசையாக விதைத்து, அடியில் வெற்றிலை நட்டோம். வெயில் வடக்கே வரும் மாதங்களில் அகத்தி தழைத்து நிற்கிறது, கொடி கருகுவதில்லை. ஐப்பசியில் வீட்டு நிழல் வந்துவிடும், அப்போது அகத்தியைக் கழித்துவிடுவோம், கீரை வீட்டுக்கும் பக்கத்து மாட்டுக்கும் ஆகிறது. மஞ்சள், இஞ்சி, புதினா, கற்பூரவல்லி எல்லாம் இதே பட்டையில் நன்றாக வருகின்றன. துளசியும் கறிவேப்பிலையும் இங்கே சோர்ந்துவிடும், அவற்றை நடுத்தோட்டத்துக்குக் கொண்டு போங்கள்.

காய்கறிக்கு ஆடிப்பட்டம் அருமையாக அமைகிறது. விதைக்கும்போது முழு வெயில், வெண்டையும் கத்தரியும் காய்த்து ஓயும்போதுதான் நிழல் நெருங்குகிறது. அவரையை மட்டும் வடக்கு மதில் ஓரமாகப் பந்தலில் ஏற்றுங்கள். அது பூத்துக் காய்ப்பது மார்கழி, தையில். அந்த மாதங்களில் தெற்கிலிருந்து சாய்ந்து வரும் வெயில் நேராக அந்த மதிலில்தான் விழுகிறது.

அக்னி நட்சத்திரத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். வடக்குப் பக்கம் குளுமை என்று நம்பி வருகிறவர்கள் மே மாதத்தில் திகைத்துப் போவார்கள். அப்போது தோட்டத்துக்கு ஒதுங்க இடமே கிடையாது. பச்சை நிழல்வலை கட்டியே ஆக வேண்டும், காய்ந்த இலையும் தென்னை மட்டையும் போட்டு மண்ணை மூடியே ஆக வேண்டும். வீட்டுக்குள் அவ்வளவு சிரமம் இல்லை, உச்சி வெயிலை இரண்டடி சன்ஷேடே முழுதாகத் தடுத்துவிடும். வைகாசி, ஆனி சாயங்காலம்தான் தொந்தரவு. சூரியன் நேர் மேற்கிலிருந்து வடக்கே தள்ளி இறங்குவதால் நாலரை மணிக்குமேல் வடக்கு ஜன்னல் வழியாக வெயில் கூடத்துக்குள் வருகிறது. வாயு மூலையில், அதாவது வடமேற்கில், செம்பருத்தியை அடர்த்தியாக வளர்த்து, தாழ்வாரத்தின் மேற்குக் கடைசியில் மூங்கில் தட்டி தொங்கவிட்டிருக்கிறோம். போதுமானதாக இருக்கிறது. மற்ற மாதங்களில் அந்தக் கூடத்தில் கண்ணைக் கூசாத வெளிச்சம். பிள்ளைகள் பகலில் விளக்குப் போடாமல் படிக்கிறார்கள். எனக்கு அந்த ஒன்றுக்காகவே இந்த வீடு பிடிக்கும்.

காற்றைச் சொல்ல மறக்கக் கூடாது. ஆடிக் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும்போது வீடே குறுக்கே நின்று தாங்கிக்கொள்கிறது. எங்கள் வாழை இலை கிழியாமல் நிற்கிறது. எதிர்வரிசையில் வாழை வைத்தவர்கள் ஆடி முழுக்க முட்டுக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

இந்தத் திசையின் உண்மையான குறை ஐப்பசி, கார்த்திகை. வடகிழக்குப் பருவமழை பேருக்கு ஏற்றபடி அந்தப் பக்கத்திலிருந்தே சாரலோடு வருகிறது. நனைவது வடக்குச் சுவர், காய வேண்டிய நேரத்தில் அதற்கு வெயில் இல்லை. சுவரில் ஓதம் ஏறும், கீழ் மூன்றடி பெயிண்ட் உரியும், நடைபாதை வழுக்கும். துவைத்த துணி காயாது, மாடிக்குத்தான் கொண்டுபோக வேண்டும். நத்தையும் மரவட்டையும் ஈரமான பட்டையில் குவியும், சாயங்காலம் டார்ச் அடித்துப் பொறுக்குவதுதான் வழி. வாங்கப் போகிறவர்கள் கார்த்திகையில் போய் அந்தச் சுவரைப் பாருங்கள். தையில் புதுப் பெயிண்ட் அடித்துக் காட்டினால் எதுவும் தெரியாது. தண்ணீர் சுவரோரம் தேங்காமல் வாய்க்கால் எடுத்து மழைநீர் சேகரிப்புக் குழிக்குத் திருப்பிவிடுங்கள். 2003லிருந்து அந்தக் குழி எல்லா வீட்டுக்கும் கட்டாயம், பல வீடுகளில் மண் மூடிக் கிடக்கும். நாங்கள் தூர்வாரிய பிறகு இரண்டு பயன் கிடைத்தது, சுவர் ஓதம் குறைந்தது, கோடையில் போர் தண்ணீரின் உப்பும் கொஞ்சம் தணிந்தது. பக்கத்துக் கண்மாய் நிரம்பும் வருடம் அது நன்றாகவே தெரியும்.

பலர் யோசிக்காத ஒரு நன்மை, வடக்கு வீட்டுக்காரர் எத்தனை மாடி கட்டினாலும் நம் வெயிலுக்குக் கேடு பெரிதாக இல்லை. மார்கழியில் சூரியன் தெற்கே இருப்பதால் அவர் நிழல் அவருக்கு வடக்கே போகும். ஆனியில் சூரியன் கிட்டத்தட்ட உச்சியில் நிற்பதால் 30 அடிக் கட்டடத்தின் நண்பகல் நிழலும் ஏழேகால் அடிக்கு மேல் வராது. தெற்கே தோட்டம் வைத்தவர்களுக்கு இந்த நிம்மதி இல்லை, தெருவுக்கு அந்தப் பக்கம் அடுக்குமாடி எழுந்தால் மார்கழி வெயில் போய்விடும். வடக்குத் தோட்டத்துக்கு நண்பகல் வெயிலைப் பெரிதாக மறைக்கக்கூடிய கட்டடம் நம் சொந்த வீடு ஒன்றுதான்.

அதனால் மாடி எடுக்கும்போது கவனம். எங்களுக்கு மேலே ஓர் அறை தேவைப்பட்டது. முழுத் தளத்தையும் எழுப்பினால் உயரம் 25 அடியைத் தாண்டும், டிசம்பர் நிழல் 17 அடிக்கு வரும், மல்லிப் பாத்தி முழுக்க நிழலுக்குள் போய்விடும். மேஸ்திரி, "வடக்குப் பக்கமே கட்டுவோம்மா, காத்து நல்லா வரும், பில்லரும் தோதா இருக்கு" என்றார். நாங்கள் அறையைத் தெற்கு ஓரத்துக்குத் தள்ளி, வடக்கே 13 அடி மொட்டைமாடியாகவே விட்டோம். மாடியறையின் நிழல் இப்போது அந்த மொட்டைமாடியைத் தாண்டி டிசம்பர் நண்பகலில் நாலடிதான் தரைக்கு வருகிறது, கீழ்த்தளத்து நிழலுக்குள்ளேயே அது அடங்கிவிடுகிறது. மல்லிக்கு ஒன்றும் ஆகவில்லை.

தோட்டம் 8 அடிக்குக் குறைவாக இருந்து வீடு இரண்டு மாடி என்றால், அதை மல்லிக்கோ காய்கறிக்கோ என்று நினைத்து வாங்காதீர்கள். வெற்றிலை, தூதுவளை, சேம்பு, தொட்டியில் புதினா என்று வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை. 15 அடிக்கு மேல் ஆழம், தரைத்தள வீடு, தெற்கு வாசல் என்று ஒன்று கண்ணில் பட்டால் விலை பேசி முடித்துவிடுங்கள்.