கூட்டலா, சராசரியா, வெயிட்டேஜா?

இரண்டு மாணவர்களை எடுத்துக்கொள்வோம். கவினுக்கு 20 மதிப்பெண் டெஸ்ட் மூன்றில் 18, 16, 17. 50-க்கு நடந்த இடைத்தேர்வில் 30. 100-க்கு நடந்த இறுதித் தேர்வில் 58. மலருக்கு அதே வரிசையில் 10, 11, 12, 38, 74. யார் முந்துகிறார்? எந்த முறையில் கணக்குப் போடுகிறோம் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

எல்லாவற்றையும் சதவீதமாக்கி ஐந்தால் வகுத்தால் கவின் 74.6, மலர் 63. சுலபம்தான். ஆனால் 20 மதிப்பெண் டெஸ்ட்டும் 100 மதிப்பெண் தேர்வும் இங்கே சரிசமம். ஐந்தில் மூன்று டெஸ்ட் என்பதால் டெஸ்ட்டுகளுக்கு மட்டும் 60 சதவீதம் போய்விடுகிறது. தெரிந்தே யாராவது இப்படி வைப்பார்களா?

பேசாமல் மொத்தத்தையும் கூட்டிவிடலாம். 210-க்குக் கவின் 139, மலர் 145, அதாவது 66.2, 69.0. இப்போது மலர் முன்னால். தாளின் மொத்த மதிப்பெண்ணே அதன் வெயிட்டேஜாகிவிடுவதால் இது ஓரளவு நியாயம். சிக்கல் என்னவென்றால், ஆசிரியர் இன்னொரு டெஸ்ட் வைத்தால் டெஸ்ட்டுகளின் பங்கு 28.6-லிருந்து 34.8 சதவீதத்துக்கு ஏறிவிடும்.

மூன்றாவது, வெயிட்டேஜ்: டெஸ்ட் 20, இடைத்தேர்வு 30, இறுதித் தேர்வு 50 என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது. கவினின் டெஸ்ட் சராசரி 85 சதவீதம். அதில் 17 கிடைக்கிறது. இடைத்தேர்வின் 60 சதவீதத்துக்கு 18, இறுதியின் 58-க்கு 29. மொத்தம் 64. மலருக்கு 11, 22.8, 37, மொத்தம் 70.8. டெஸ்ட் எத்தனை வைத்தாலும் அதன் பங்கு 20-ஐத் தாண்டாது. என் ஓட்டு இதற்குத்தான்.

ஆனால் தவறு அதிகம் நடப்பதும் இதில்தான். 50-க்கு எடுத்த 30-ஐச் சதவீதமாக்காமல் நேராக 0.30-ஆல் பெருக்கினால் 18-க்குப் பதில் 9 வரும். விடை பார்வைக்குச் சரியாகவே இருக்கும் என்பதால் யாரும் கவனிப்பதில்லை. இன்னொன்று: டெஸ்ட்டில் வகுப்பே 17, 18 என்று வாங்கியிருந்தால், 20 சதவீதம் என்று எழுதி வைத்திருந்தாலும் தரவரிசையை டெஸ்ட் பெரிதாக அசைக்காது. மதிப்பெண் எங்கே பரவலாக இருக்கிறதோ, முன்பின் அங்கேதான் முடிவாகும்.

சரி, கவின் இடைத்தேர்வுக்கு உடம்பு சரியில்லாமல் வரவில்லை என்றால்? பூஜ்ஜியம் போட்டால் 46-தான் மிஞ்சும். அந்த 30-ஐ விலக்கி, 46-ஐ மீதி வெயிட்டேஜான 70-ஆல் வகுத்தால் 65.7 சதவீதம். இரண்டுக்கும் இடையில் கிட்டத்தட்ட 20 புள்ளி. இதில் எதைச் செய்வது என்று தேர்வுக்கு முன்பே எழுதி வைக்காத பள்ளியில், மதிப்பெண் பட்டியல் வந்த அன்று வாக்குவாதம் நிச்சயம்.