டிரெய்லருக்கு எலக்ட்ரிக் டிரம் பிரேக்கா, சர்ஜ் டிஸ்க் பிரேக்கா?

எலக்ட்ரிக் பிரேக் சரியாகப் பிடிக்காது, ஹைட்ராலிக்தான் நல்லது என்று அடித்துச் சொல்கிறவர்களிடம், புது பிரேக் ஷூவை (டிரம்முக்குள் உரசி நிறுத்தும் வளைந்த துண்டை) மெல்லப் படியவைத்துப் பழக்கினீர்களா, அதற்கு அப்புறம் ஒரு தடவையாவது அட்ஜஸ்ட் செய்தீர்களா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டுமே நடந்திருக்காது.

எலக்ட்ரிக்கில், இழுக்கும் வண்டியின் கன்ட்ரோலர் மின்சாரம் அனுப்பும். டிரம்முக்குள் இருக்கும் காந்தம் சுழலும் டிரம்மின் உள்முகத்தில் ஒட்டி, அதோடு இழுபட்டு, ஒரு லீவரை நகர்த்தி ஷூக்களை விரிக்கும். சர்ஜ் என்பது ஹைட்ராலிக் வகை, அதில் கன்ட்ரோலரே கிடையாது. முன் வண்டி வேகம் குறைந்ததும் டிரெய்லர் தன்னை வண்டியோடு இணைக்கும் கப்ளரை முன்னால் தள்ளும், அந்தத் தள்ளல் பிரேக் ஆயில் உள்ள மாஸ்டர் சிலிண்டரை அமுக்கும், அவ்வளவுதான். எளிமைதான், ஆனால் ஓட்டுநர் கையில் எதுவும் இல்லை. டிரெய்லர் ஆட ஆரம்பித்தால் எலக்ட்ரிக்கில் கன்ட்ரோலரின் கைப்பிடியை அழுத்தி டிரெய்லர் பிரேக்கை மட்டும் போடலாம், சர்ஜில் அது முடியாது. நீண்ட இறக்கத்தில் கியரைக் குறைத்து இறங்கினால் டிரெய்லர் தள்ளிக்கொண்டே வரும், சர்ஜ் பிரேக் விடாமல் உரசிச் சூடாகும். ரிவர்ஸ் எடுக்கும்போதும் பிரேக் பிடித்துவிடாமல் இருக்கத் தனியாக ஒரு சொலினாய்டு (மின்சாரத்தால் இயங்கும் வால்வு) வேண்டும்.

பழக்குவதில் டிரம்முக்குத்தான் பொறுமை அதிகம் வேண்டும். புது ஷூ டிரம்மின் வளைவில் முழுதாகப் படியாது, காந்தத்தின் முகமும் அப்படித்தான். சுமார் 65 கி.மீ. வேகத்திலிருந்து 30க்கு மிதமாகக் குறைப்பதை 20 முதல் 30 தடவை செய்ய வேண்டும், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஆற விட்டு. ஒரேயடியாக அழுத்தி அழுத்தி நிறுத்தினால் ஷூவின் மேலுள்ள லைனிங் கண்ணாடி மாதிரி பளபளத்துப் பிடிப்பை இழந்துவிடும். படிந்தபின் இடைவெளி கூடியிருக்கும் என்பதால் முதல் 300 கி.மீ.யில் ஒரு அட்ஜஸ்ட்மென்ட், பிறகு 5,000 கி.மீ.க்கு ஒருமுறை: சக்கரத்தைத் தூக்கி, ஷூவின் இடைவெளியை மாற்றும் நட்சத்திரச் சக்கரத்தை இறுக்கி, சுற்றவே கஷ்டமானதும், லேசான உரசல் மட்டும் மிஞ்சும் வரை தளர்த்த வேண்டும். தானாக அட்ஜஸ்ட் ஆகும் வகை என்றால் இந்த வேலை மிச்சம். டிஸ்க்கிலும் பேடைப் பழக்க வேண்டும்தான், ஆனால் தேயத் தேய, பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிபர் தானே நெருங்கிவிடும், கையால் அட்ஜஸ்ட் செய்ய ஒன்றுமில்லை.

பராமரிப்பில் எலக்ட்ரிக்கின் எதிரி கிரீஸ். பேரிங்கில் அளவுக்கு மீறி பம்ப் செய்தால் சீல் வழியே கசிந்து ஷூவை நனைத்துவிடும், நனைந்த ஷூவைத் துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். அடுத்தது வயரிங்: 12 வோல்ட்டில் ஒரு காந்தம் சுமார் 3 ஆம்பியர் இழுக்கும், ஒரு ஆக்சிலின் இரண்டு காந்தத்துக்கும் சேர்த்து 6 வரவில்லை என்றால் பிரேக்கைத் திட்டாமல் முதலில் எர்த் இணைப்பைப் பாருங்கள். சர்ஜ் டிஸ்க்கில் பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், காலிபரின் பின்கள் துருப்பிடித்து இறுகும்.

படகு டிரெய்லர் என்றால் யோசிக்க வேண்டாம், சர்ஜ் டிஸ்க்தான். உப்புத் தண்ணீரில் காந்தமும் வயரும் சீக்கிரம் போய்விடும், டிஸ்க்கை நல்ல தண்ணீரில் கழுவிவிடலாம். கேரவன், சரக்கு, மலைப்பாதை என்றால் என் ஓட்டு எலக்ட்ரிக்குக்கு, அதுவும் வேகம் குறையும் அளவை உணர்ந்து அதற்கேற்ப மின்சாரம் அனுப்பும் கன்ட்ரோலரோடு. டிரெய்லர் கழன்றுபோனால் தானாகப் பிடிக்கும் பிரேக்அவே இரண்டிலும் வரும், ஆனால் எலக்ட்ரிக்கில் அதற்கான பேட்டரி சார்ஜில் இருந்தால்தான் வேலை செய்யும். சோதிக்க பிரேக்அவேயின் பின்னை இழுப்பதற்கு முன்பே, வண்டியோடு இணைந்த பிளக்கைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் கன்ட்ரோலர் கெட்டுப்போகலாம்.