பூட்டிய போல்டரைத் திறந்து தருகிறோம் என்கிற கடைகளிடம் கவனம்: 24,500 ரூபாய் போய்விட்டது

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் இருக்கிறவர்கள், முக்கியமாகப் பழைய படங்களைக் கொம்பியூட்டரில் போட்டு வைத்திருக்கிறவர்கள், இதை ஒருக்கால் வாசியுங்கள். ஏ9 வீதியோரம் இருக்கிற ஒரு கொம்பியூட்டர் திருத்தும் கடையில் 24,500 ரூபாயைக் கொடுத்துவிட்டு நிற்கிறேன். வேலையும் நடக்கவில்லை, காசும் திரும்பி வரவில்லை. கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. முறைப்பாட்டில் எழுதுவேன்.

மழைக்காலத்து இடியில் எங்கள் வீட்டுக் கொம்பியூட்டரின் மதர்போர்ட் எரிந்துபோனது. ஹாட் டிஸ்க்குக்கு ஒன்றுமில்லை. அதைக் கழற்றி, மச்சான் பாவித்துவிட்டுத் தந்த இன்னொரு கொம்பியூட்டரில் மாட்டினோம். எல்லாம் திறந்தது, ஒரு போல்டரைத் தவிர. கனடாவில் இருக்கிற அண்ணா இங்கே வந்து நின்றபோது, பிள்ளைகள் தெரியாமல் அழித்துவிடக் கூடாது என்று என்னுடைய கணக்கில் மட்டும் திறக்கிற மாதிரி அமைத்துத் தந்த போல்டர் அது. அனுமதி இல்லை என்றது. கன்டினியூவை அழுத்தினால், செக்யூரிட்டி டாபைப் பாவிக்க வேண்டும் என்று திரையில் இன்னொரு அறிவிப்பு வந்தது.

அதற்குள் என்ன இருந்தது என்று சொன்னால்தான் என் கோபம் விளங்கும். 2008 கடைசியில் யுத்தத்தில் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டு தருமபுரம், விசுவமடு, சுதந்திரபுரம், மாத்தளன் என்று இடம்பெயர்ந்து போனதில் எங்களிடம் ஒரு அல்பமும் மிஞ்சவில்லை. அம்மாவின் கலியாணப் படம், அப்பா கடை வாசலில் சைக்கிளோடு நிற்கிற படம், தம்பியின் பிறந்தநாள் படம் எல்லாம் வெளிநாட்டுச் சொந்தக்காரர் தங்கள் பெட்டிகளைக் கிளறி ஸ்கேன் பண்ணி அனுப்பியவை. தம்பி இப்போது இல்லை. காணி பெர்மிட், பிறப்புச் சான்றிதழ்கள் எல்லாவற்றின் பிரதியும் அதற்குள்தான்.

கடைக்குப் போனேன். முதலாளி ஹாட் டிஸ்க்கைத் தன் மெஷினில் போட்டுப் பார்த்தார். அந்த அறிவிப்பு வந்த உடனே, "அக்கா, இது என்கிரிப்ட் ஆகிட்டுது, சும்மா ஆக்களால ஏலாது" என்றார். அதாவது, திறப்பு எண் இல்லாமல் வாசிக்க ஏலாதபடி குறியாக மாறிவிட்டதாம். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார், சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நாங்களும் மாத்தளன் மட்டும் போய் வந்தனாங்கள்தான் அக்கா. படத்தின்ர அருமை எனக்குத் தெரியாதே? உங்கட அலுவலை என்ர அலுவலா நினைச்சுச் செய்வன்" என்றார். அதுக்கு மேல் நான் என்ன கேட்பேன்? மாத்தளன் என்று சொன்ன வாயில் பொய் வரும் என்று இந்த மண்ணில் யார் நினைப்பார்கள்? வேறு ஒன்றையும் என்னால் பொறுக்கலாம், அந்தக் கதையைச் சொல்லிக் காசு வாங்கியதைப் பொறுக்க முடியவில்லை.

முற்பணம் 10,000 கொடுத்தேன். பில் கேட்டேன். "ஹாட் டிஸ்க் வேலை" என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதித் தந்தார்; கடையின் பெயரும் இல்லை, முத்திரையும் இல்லை. அப்புறம் போன் வந்தது: சொப்ட்வெயருக்கு லைசன்ஸ் வாங்க வேணும், அது டொலரில, இன்னும் 14,500 வேணும். அதையும் கொடுத்தேன். மொத்தம் 24,500 ரூபாய். நான் பாலர் பாடசாலையில் வேலை செய்கிறேன். என் மாதக் கொடுப்பனவை விட அது கூட.

அதற்குப் பிறகு ஒரே சாட்டுத்தான். கொழும்பில இருந்து ஆள் பார்க்க வேணும். கரண்ட் போட்டுது, திரும்ப முதலில இருந்து ஓடுது. வேலை செய்யிற பெடியன் யாழ்ப்பாணம் போட்டான். வட்ஸ்அப்பில் அனுப்பினால் நீலச் சரி விழும், பதில் வராது. நேரே போனால், முன்னால் நிற்கிற பிள்ளை "அண்ணை வெளியில" என்னும். அண்ணையின் மோட்டார் சைக்கிள் வாசலில் நிற்கும். கடைசியில் ஒருநாள் ஆளைப் பிடித்தேன். "அரைவாசி உடைச்சாச்சு அக்கா, மிச்சத்துக்கு இன்னும் 15,000 வேணும்" என்றார். தர ஏலாது, ஹாட் டிஸ்க்கையும் காசையும் தாருங்கள் என்றேன். ஹாட் டிஸ்க்கை மேசையில் வைத்தார். காசு? "அது முயற்சிக்கான காசு, அது திரும்பாது." இதைச் சொல்லும்போது என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

எங்கள் ஒழுங்கையில் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற ஒரு பெடியன் இருக்கிறான். லீவில் வந்து நின்றான். அவனிடம் காட்டினேன். போல்டரில் ரைட் கிளிக், ப்ரொப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்ட். மேலே ஓனர் என்ற இடத்தில் சேஞ்ச். எங்கள் இப்போதைய கணக்கின் பெயரை அடித்து ஓகே கொடுத்தான். காசு கொடுத்து வாங்கிய ஒரு சொப்ட்வெயரும் இல்லை. எல்லாம் விண்டோஸிலேயே இருக்கிறது. விண்டோஸ் ஆளைப் பெயரால் அறிவதில்லையாம், ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு நீளமான இலக்கம் கொடுத்து அதை வைத்துத்தான் அறியுமாம். பழைய கொம்பியூட்டரின் இலக்கத்தைப் புதிய விண்டோஸுக்குத் தெரியாது. பெயர் ஒன்றாக இருந்தாலும் வேற்று ஆளாகத்தான் பார்க்கும். அவ்வளவுதான் அந்தப் பூட்டு. என்கிரிப்ஷன் ஒன்றும் இல்லை.

இனித்தான் விஷயம். ஓனரை மாற்றி, மூடித் திரும்பத் திறந்ததும், யாருக்கெல்லாம் அனுமதி என்ற பட்டியல் தெரிந்தது. 'தெரியாத கணக்கு' என்று இரண்டு வரி. இரண்டும் அவன் சொன்ன அந்த நீளமான இலக்கம்தான்; எஸ்-1-5-21 என்று தொடங்கின, அதற்கு அடுத்து வருகிற இலக்கங்கள் வேறு வேறு. பெடியன் திரையில் விரலை வைத்து, "அக்கா, ஒண்டு உங்கட பழைய கணக்கு. மற்றது ஆர்?" என்றான். அந்த ஹாட் டிஸ்க் எங்கள் பழைய பெட்டியையும், இந்தப் பெட்டியையும், அந்தக் கடையையும் தவிர வேறெங்கும் போனதில்லை. பழைய பெட்டியில் விண்டோஸை மாற்றிப் போட்டதும் இல்லை. அப்படியென்றால் அந்த இரண்டாவது வரி கடைக்காரரின் கணக்கு; அவர் தன் மெஷினில் இதைத் திறந்துவிட்டார். திறந்துவிட்டுத்தான் திறக்க ஏலாது என்று சொல்லி இன்னும் 15,000 கேட்டார். அவருடைய மெஷினில் திறக்கும், என்னுடையதில் திறக்காது என்று தெரிந்தே திருப்பித் தந்தார். என் அம்மாவின் படமும் எங்கள் காணி பெர்மிட்டும் இப்போது அவருடைய மெஷினிலும் இருக்கிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும். போன் பண்ணிக் கேட்டேன். "தேவையில்லாமக் கதைக்காதேங்கோ" என்று வைத்துவிட்டார்.

அந்தப் பட்டியலில் எங்கள் இப்போதைய கணக்கை முழு அனுமதியோடு (புல் கொன்ட்ரோல்) சேர்த்து, உள்போல்டர்களுக்கும் சேர்த்து மாற்றுகிற கட்டங்களில் டிக் போட்டு அப்ளை கொடுத்த பிறகு, பெயர்கள் ஓடி முடிய, படங்கள் திறந்தன. பெடியன் ஒரு சதமும் வாங்கவில்லை, தேத்தண்ணி மட்டும் குடித்தான்.

மற்றவர்களுக்கு விளக்கமாக எழுத நினைத்தேன், இப்போது மனம் ஓடவில்லை. தெரிந்ததைச் சொல்கிறேன். அனுமதி இல்லை என்று மட்டும் வந்தால் காசு கொடுக்க முதல் மேலே சொன்னதைச் செய்து பாருங்கள், அட்மின் கணக்கில் இருக்க வேண்டும். விண்டோஸே இருக்கிற சி டிரைவ் முழுவதற்கும் இதைச் செய்ய வேண்டாம், உங்கள் போல்டருக்கு மட்டும். பிட்லொக்கர் (டிஸ்க்கை உண்மையிலேயே என்கிரிப்ட் பண்ணுகிற விண்டோஸ் பூட்டு) என்று நீலத் திரை வந்து 48 இலக்கத் திறப்பு எண் கேட்டால் அது வேறு விஷயம். உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் அந்த எண் சேமித்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண் இல்லாமல் உடைத்துத் தருகிறேன் என்று எந்தக் கடைக்காரர் சொன்னாலும் நம்ப வேண்டாம். போர்மட் பண்ணட்டா, அதாவது டிஸ்க்கில் உள்ளதை அழிக்கட்டா, என்று கேட்டால் ஓம் சொல்ல வேண்டாம்.

ஹாட் டிஸ்க்கைக் கடையில் விட்டுவிட்டு வர வேண்டாம், பக்கத்தில் இருந்து செய்விக்கவும். கடையின் பெயர் போட்ட பில் இல்லாமல் முற்பணம் வேண்டாம். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் இலக்கம் 1977, எழுதி வையுங்கள். துண்டுக் கடதாசியையும் வட்ஸ்அப்பையும் நான் படம் எடுத்து வைத்திருக்கிறேன், அதைக் கொண்டுதான் முறைப்பாடு. அதற்கு முதல் இன்றைக்கு அந்தப் பெடியனையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போகிறேன். 24,500 ரூபாயும் வேண்டும், அவருடைய மெஷினில் எங்கள் படங்கள் இருந்தால் என் கண் முன்னால் அழிக்கவும் வேண்டும்.