மலாவி ஏரியில் ஸ்கூபா: யார் போகலாம், யார் வேண்டாம்

பவளப்பாறை, கடலாமை, திருக்கை எல்லாம் பார்த்தால்தான் டைவ் அடித்த திருப்தி என்பவர்கள் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரிக்குப் போக வேண்டாம், காசு வீண். ஒரே பாறை முன்னால் அரை மணி நேரம் மிதந்தபடி மீன்கள் என்ன செய்கின்றன என்று பார்க்கிற ஆளா நீங்கள்? அப்படியென்றால் கேப் மெக்ளியருக்கு டிக்கெட் போடலாம்.

ஏரியின் தென்கோடியில் இருக்கிற மீனவ கிராமம் அது. 1980-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, 1984-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பகுதி. கரையோரம் இருந்த ஒரு சின்னக் கடையில் பதிவு செய்து, படகில் தும்பி வெஸ்ட் தீவுக்குப் போனோம். கைடுக்கு முழு மதிப்பெண். நன்னீரில் உடம்பு கடலில் போல மிதக்காது என்பதால் வெயிட் பெல்ட்டில் அவரே எடையைக் குறைத்தார், ஏரி கடல் மட்டத்துக்கு 470 மீட்டர் மேலே இருப்பதால் டைவ் கம்ப்யூட்டரில் (ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் கைக்கருவி) அதற்கான அமைப்பு இருக்கிறதா என்றும் பார்த்தார். எல்லாவற்றையும்விட, தண்ணீருக்குள் அவசரப்படுத்தவே இல்லை.

அங்கே சிக்லிட் என்ற மீன் குடும்பத்தில் மட்டும் நூற்றுக்கணக்கான இனங்கள், பெரும்பாலானவை வேறெங்கும் கிடையாது. (சென்னை கொளத்தூரில் எலெக்ட்ரிக் எல்லோ என்று விற்கிறார்களே, அந்த மஞ்சள் மீனுக்கும் பூர்வீகம் இந்த ஏரிதான், ஆனால் வடபக்கம்.) பாறையில் பாசி சுரண்டும் நீல ம்புனாக்கள் (பாறைகளில் வாழும் சிக்லிட்கள்) நடுவே ஒரு தாய் மீன், தாடை உப்பி, எதையும் தின்னாமல் ஒதுங்கி நின்றது, வாய்க்குள் முட்டைகள். கொஞ்சம் தள்ளி மணலில் திட்டுத்திட்டான ஒரு மீன் செத்ததுபோல் சாய்ந்து கிடந்தது. லிவிங்ஸ்டோனி என்று பெயர், பிணம் என்று நினைத்துக் கொத்த வரும் குஞ்சு மீன்களை லபக்கென்று பிடித்துவிடும். நான் பார்த்தவரை அன்று அதற்கு ஒன்றும் சிக்கவில்லை. ஆனால் மனதில் நின்றது பாறையிடுக்கில் இருந்த கம்பாங்கோ கெளுத்திதான். தாய் கருவுறாத முட்டைகளை இட்டு அதையே குஞ்சுகளுக்குத் தீனியாகக் கொடுக்கும், பக்கத்திலேயே ஆண் காவல். அருகில் வந்த சிக்லிட்டை அது துரத்திய வேகத்தில் நானும் இரண்டடி பின்வாங்கினேன்.

சரி, குறைகள். கொடுத்த வெட்சூட் (டைவ் அடிக்கும்போது போடும் ரப்பர் உடை) முழங்காலில் தேய்ந்து ஓட்டை. அதைவிடப் பெரிய குறை, பில்ஹார்சியா என்ற புழு நோய் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கரையோர நத்தைகளிலிருந்து வரும் புழு தோல் வழியாக உடம்புக்குள் போகும், ஆழத்தைவிடக் கரையோரத்தில்தான் ஆபத்து அதிகம். இதைக் கடையில் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஊர் திரும்பிச் சில வாரம் கழித்து டாக்டரைப் பார்த்துப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், பிராசிகுவான்டல் என்ற மாத்திரை இருக்கிறது, தேவையா என்பதை அவர் சொல்வார்.

இரவு டைவ் உண்டா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். கார்னிஷ் ஜாக் என்ற நீளமான மின்மீன்கள் இருட்டில் கூட்டமாக வேட்டைக்கு வருமாம், எங்களுக்கு அன்று காற்று அதிகம், படகு எடுக்கவில்லை. வெட்சூட்டை மட்டும் சொந்தமாகக் கொண்டு போய்விடுங்கள்.