இரண்டு பி.ஏ., ஒரே காலை பத்து மணி

பக்கத்து வீட்டுப் பெண் பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு வந்து நின்றாள். "அக்கா, நீங்க படிச்ச மாதிரியே தமிழ் காலேஜ்லயும் எகனாமிக்ஸ் அஞ்சல் வழியிலயும் சேர்ந்துடட்டுமா?" முந்தைய நாள் கேட்டிருந்தால் உடனே சேரச் சொல்லியிருப்பேன். அவள் கேட்ட அன்று காலையில்தான் என் பொருளாதாரப் பட்டத்தின் புரொவிஷனல் (தற்காலிகச் சான்றிதழ்) தபாலில் வந்தது. வரவேண்டிய காலத்துக்கு ஒரு வருஷம் கழித்து வந்திருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டே எழுதுகிறேன், எழுத்தில் கோபம் தெரிந்தால் அதுதான் காரணம்.

2022 ஏப்ரலில் யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று அனுமதித்தது. அந்த வருஷமே நான் சேர்ந்தேன். சேலத்தில் ஒரு கல்லூரியில் பி.ஏ. தமிழ் இலக்கியம், தொலைதூரக் கல்வியில் பி.ஏ. பொருளாதாரம். வீடு வாழப்பாடி பக்கம். ஆத்தூர் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்த நாளெல்லாம் பொருளாதாரம் படித்தேன், நின்றுகொண்டு போன நாளில் செய்யுள் மனப்பாடம். அப்படித்தான் மூன்று வருஷமும் போனது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் வருஷம் புறநானூறு நடந்துகொண்டிருந்தது. 184ஆம் பாட்டு, பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்குச் சொன்னது. ஒரு மா என்ற பழைய நில அளவுக்கும் குறைந்த நிலமாக இருந்தாலும், நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் யானைக்குப் பல நாள் வரும். நூறு வயலே இருந்தாலும் யானை தானாகப் புகுந்தால் வாய்க்குள் போவதைவிடக் காலில் மிதிபட்டு வீணாவதுதான் அதிகம். அரசன் வரி வாங்குவதும் அப்படித்தான் என்கிறார். அதே வாரம் பஸ்ஸில் நான் படித்துக்கொண்டிருந்தது ஆடம் ஸ்மித் 1776இல் எழுதிய வரிவிதிப்பு விதிகள். சமத்துவம், உறுதி, வசதி, சிக்கனம். இதில் சிக்கன விதிக்கு என் பாடநூலில் இருந்த நான்கு வரி விளக்கம் மண்டையில் ஏறவே இல்லை. மக்களிடமிருந்து எடுப்பதற்கும் கஜானாவுக்கு வந்து சேர்வதற்கும் நடுவே சேதம் குறைவாக இருக்கவேண்டும் என்பது அதன் சாரம். யானையின் காலை நினைத்ததும் புரிந்துவிட்டது. பஸ் அயோத்தியாப்பட்டணத்தில் நின்றிருந்தது, எனக்கு உடம்பு சிலிர்த்தது. 2019 பட்ஜெட் உரையில் நிதி அமைச்சர் இந்தப் பாட்டைச் சொன்னது பிறகுதான் எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு அதை நானே கண்டுபிடித்த மாதிரி இருந்தது. ஒரு பட்டம் மட்டும் படித்திருந்தால் அந்த நிமிஷம் எனக்குக் கிடைத்திருக்காது.

இன்னொன்று எங்கள் வீட்டுக்குள்ளேயே நடந்தது. அப்பா மரவள்ளி போடுகிறவர். கிழங்கை மில்லுக்கு ஏற்றிப் போனால் மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்து, பாயிண்டுக்கு இவ்வளவு என்று விலை வைப்பார்கள். வெட்டுக்கு முன்னால் மழை பிடித்துக்கொண்டால் பாயிண்ட் இறங்கிவிடும். ஒரு வருஷம் பாயிண்ட் நன்றாக இருந்தும் விலை விழுந்துவிட்டது. "போன வருஷம் நல்ல வெலை போச்சு கண்ணு, அதான் ஊரே கெழங்கு நட்டுடுச்சு" என்றார். பத்து மாதப் பயிர். நடும்போது இருக்கிற விலையைப் பார்த்து நடுகிறோம், விற்கும்போது அந்த விலை இருப்பதில்லை. 1934இல் கால்டர் என்ற பொருளாதார அறிஞர் பெயர் வைத்த சிலந்தி வலைத் தேற்றம் இதேதான். அப்பாவிடம் வரைபடம் போட்டுக் காட்டினேன். கோடு சுற்றிச் சுற்றி வருவதை விரலால் தொடர்ந்து பார்த்துவிட்டு, "இதுல நாம எங்க நிக்கறோம்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை விடச் சரியான தேர்வுக் கேள்வியை எந்த வினாத்தாளிலும் நான் பார்த்ததில்லை.

இவ்வளவு கொடுத்த படிப்பு ஒரே ஒரு விஷயத்தில் என்னைப் பாடாய்ப் படுத்தியது. தேர்வு அட்டவணை.

யுஜிசி விதி வகுப்பு நேரம் மோதக்கூடாது என்றுதான் சொல்கிறது. அது எனக்கு ஒரு நாளும் மோதவில்லை, ஒன்று அஞ்சல் வழி. தேர்வுக்கு என்ன செய்வது? மூன்றாம் செமஸ்டரில் கல்லூரித் தேர்வு தள்ளிப்போய் டிசம்பரில் வந்து விழுந்தது. காலை பத்து மணிக்கு யாப்பருங்கலக்காரிகை என்ற செய்யுள் இலக்கணப் பேப்பர். அதே நாள், அதே பத்து மணிக்கு, வேறொரு மையத்தில் பொருளாதாரத்தின் பணமும் வங்கியும் பேப்பர். கல்லூரி அலுவலகத்தில் கேட்டால், "அதை அங்க போய்க் கேளும்மா." அங்கே போனால், "உங்க ஒருத்தருக்காகத் தேதியை மாத்த முடியாது." யாரும் திட்டவில்லை, மரியாதையாகத்தான் பேசினார்கள். அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பவர்கள் கையில் அதற்கு அதிகாரமும் கிடையாது, அது எனக்கு அன்றைக்கே புரிந்தது. ஆனால் மார்க் ஷீட்டில் ஆப்சென்ட் விழுந்தது என் பெயருக்கு நேராக. தேர்வுக் கட்டணம் மறுபடி கட்டியது நான்.

அதை அடுத்த முறை எழுதி முடித்தேன். கடைசி செமஸ்டரில் மறுபடி அதே கதை, இன்னொரு பேப்பர். அந்த ஒற்றைப் பேப்பருக்காக அடுத்த டிசம்பர் வரை காத்திருந்தேன். அதற்குள் எம்.ஏ. பொருளாதாரச் சேர்க்கை முடிந்துவிட்டது.

வெளிநாடுகளில் கலையும் பொருளாதாரமும் சேர்ந்த இரட்டைப் பட்டத்தை ஒரே பல்கலைக்கழகமே தருவதுண்டு. சில பாடங்கள் இரண்டு பட்டத்துக்கும் கணக்காகும், அட்டவணை போடுகிற கையும் ஒன்றுதான். நமக்குக் கிடைத்தது ஒன்றையொன்று அறியாத இரண்டு படிப்பு. பொதுத்தமிழும் ஆங்கிலமும்கூட நான் இரண்டு இடத்திலும் எழுதினேன். தமிழையே முதன்மைப் பாடமாகப் படிக்கிறவள் பொதுத்தமிழுக்கு இரண்டு முறை உட்காரவேண்டுமா? அதையாவது பொறுத்துக்கொள்ளலாம், ஒரு நாள் வேலை. போன வருஷத்தை யார் திருப்பித் தருவார்கள்?

நான்கு வருஷத்தில் எனக்குக் கிடைத்த நல்ல நாட்களை எண்ணினால் கெட்ட நாட்கள் பத்தில் ஒரு பங்குகூட வராது. அது தெரிந்தேதான் அந்தப் பெண்ணிடம் வேண்டாம் என்றேன். தமிழில் சேர், அதை முடி, அப்புறம் எம்.ஏ.வோ அஞ்சல் வழியோ பொருளாதாரம் பார்த்துக்கொள்ளலாம்.

அவள் முகம் வாடிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "அந்த யானைப் பாட்டு எந்த நம்பர்க்கா?" என்று கேட்டாள். நூற்று எண்பத்து நான்கு என்றேன். உள்ளே போய் என் பொருளாதார நோட்டுகளையும் எடுத்து வந்து கொடுத்தேன்.