697, ஹினோ, 6பிடி: குமரி மாவட்டத்தில் பழைய லாரி எஞ்சின் எடுக்கும் முன்

மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கம் பழைய லாரி பார்க்கப் போனால் விற்கிறவர் எடுத்த எடுப்பில் கிலோமீட்டர் கணக்கைச் சொல்வார். "எஞ்சின் கொள்ளாம், கண்ணை மூடிட்டு எடுக்கலாம்" என்பார். கண்ணைத் திறந்து முதலில் ரேடியேட்டர் மூடியையும் டீசல் டேங்கின் அடியையும் பாருங்கள். இந்த மாவட்டத்தில் பழைய எஞ்சினுக்கு ஓட்டத்தைவிடத் தண்ணீர்தான் எமன். வருஷத்துக்கு இரண்டு பருவமழை, கடற்காற்று, கடலோரத்து உவர்த் தண்ணீரையே ரேடியேட்டரில் ஊற்றும் வழக்கம் எல்லாம் சேர்ந்து வேலையைக் காட்டிவிடும்.

பழைய ஆறு சிலிண்டர்களில் மூன்றைப் பற்றித்தான் பேச வேண்டும்: டாடா 697, லேலண்டில் வந்த ஹினோ, டாடா கம்மின்ஸ் 6பிடி. மூன்றும் 5.7 முதல் 5.9 லிட்டருக்குள். குணம்தான் வேறு.

697 என்ற எண்ணிலேயே ஜாதகம் இருக்கிறது: 6 சிலிண்டர், 97 மி.மீ. போர் (சிலிண்டர் துளையின் விட்டம்). ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 128. மெர்சிடிஸ் ஓஎம் 352-க்கும் இதே அளவுதான். டர்போ இல்லாத 697 பொறுமைசாலி. ஓவர்லோடு ஏற்றினால் இழுக்காது, கறுப்புப் புகை தள்ளும், ஆனால் லேசில் உடையாது. வால்வு கிளியரன்ஸ் எஞ்சின் ஆறியிருக்கும்போது இன்லெட் 0.20, எக்ஸாஸ்ட் 0.30 மி.மீ. ஹெட் ஒரே துண்டு. ஒருமுறை நன்றாகச் சூடு கட்டினால் வளையும். ஹெட்டின் முகத்தைச் சமப்படுத்தும் ஃபேசிங் செய்யாமல் கேஸ்கெட்டை மட்டும் மாற்றினால் சில வாரத்தில் மறுபடி ஊதும். கேஸ்கெட் மாற்றியபின் எஞ்சினைச் சூடேற்றி ஓட்டி, ஹெட் போல்ட்டை மறுபடி முறுக்காமல் விடுவதும் அதே தப்புதான். செங்கல், மணல் என்று ஊருக்குள் ஓட இது போதும். குலசேகரம், பேச்சிப்பாறை மேட்டில் முழு லோடுடன் ஏற்ற வேண்டுமென்றால் டிரைவருக்குப் பொறுமை வேண்டும்.

ஹினோவின் போர் 104, ஸ்ட்ரோக் 113. லைனர் (சிலிண்டருக்குள் செருகும் குழல்) மாற்றக்கூடிய எஞ்சின் என்பதுதான் இதன் பெரிய பலம். தேய்ந்தால் லைனர், பிஸ்டன், ரிங் செட் போட்டு மறுபடி ஸ்டாண்டர்டு அளவுக்கே வந்துவிடலாம். லைனர் பிளாக்கில் சரியாக உட்காராவிட்டால் மட்டும் கேஸ்கெட் நிற்காது, அதனால் போர் போடும் பட்டறை கைதேர்ந்ததாக இருக்க வேண்டும். மூன்றில் ஒன்றைச் சொல்லு என்றால் குவாரி டிப்பருக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

6பிடி வேறு ஜாதி. போர் 102, ஸ்ட்ரோக் 120, 5883 சி.சி. டர்போ இருப்பதால் களியக்காவிளை தாண்டிப் பெரும்பாவூருக்கு ரப்பர் தடி ஏற்றுகிற வண்டிக்கு இந்த இழுவை கைகொடுக்கும். ஆனால் இதில் லைனர் கிடையாது, பிளாக்கிலேயே போர். தேய்ந்தால் 0.5 மி.மீ. கூட்டி போர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன், அடுத்தது 1 மி.மீ. அதற்குமேல் ஸ்லீவ்தான். எனவே 'இதுவரை எத்தனை முறை போர் போட்டது' என்ற கேள்வி இந்த எஞ்சினுக்கு மிக முக்கியம். இன்னொரு பலவீனம் டைமிங் கியர் ஹவுசிங்கில் உள்ள சின்ன டவல் பின் (பாகங்களைப் பொருத்திப் பிடிக்கும் முள்). அதிர்வில் மெல்ல நழுவிக் கியருக்குள் விழுந்தால் கியரும் கேசும் போச்சு. முன்கவரைக் கழற்றும் வேலை வரும்போதே பின்னின் வாயை மறைத்து ஒரு சின்னத் தகடு வைத்து போல்ட் போட்டுவிட்டால் அந்தக் கவலை தீர்ந்தது. வால்வு கிளியரன்ஸ் இன்லெட் 0.25, எக்ஸாஸ்ட் 0.51 மி.மீ. ஏற்றம் ஏறி வந்ததும் சட்டென்று அணைக்காமல் இரண்டு மூன்று நிமிஷம் ஐடிலில் விடாத டிரைவர் டர்போவைத் தின்றுவிடுவார்.

மூன்றிலும் பெரும்பாலும் மைக்கோ கம்பெனியின் இன்லைன் டீசல் பம்ப்தான். அந்தக் காலத்து எஞ்சின்களின் உண்மையான அருமை அங்கேதான். ஈசியு (எஞ்சினை இயக்கும் கணினிப் பெட்டி) இல்லை, சென்சார் இல்லை. கடற்காற்றில் கனெக்டர் பச்சை பிடித்து வண்டி நடுவழியில் நிற்பதில்லை. ஆல்டர்னேட்டர் செத்தாலும் எஞ்சின் ஓடும். ஏர் பிடித்தால் 14-ம் நம்பர், 17-ம் நம்பர் ஸ்பேனர் போதும்: ஃபில்டர் மேலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்து, குமிழி நின்றதும் மூடு, அடுத்து பம்ப் ஸ்க்ரூ, கடைசியாக நாசில் பைப் நட்டுகளைத் தளர்த்தி செல்ஃப் அடி.

ஆனால் அந்தப் பம்ப்புக்குத் தண்ணீர் ஆகாது. உள்ளே டீசலை அழுத்தித் தள்ளும் பிளஞ்சருக்கு மசகு டீசல் ஒன்றுதான். தண்ணீரோ மண்ணெண்ணெயோ கலந்தால் பிளஞ்சர் கீறும், நாசில் ஊசி ஒட்டும். ஒட்டிய நாசில் டீசலைத் தூவாமல் ஒழுக்கும். அது சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவி, பிஸ்டனைத் தீய்க்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாட்டர் செப்பரேட்டரைத் தினமும் காலையில் திறந்துவிடுங்கள். இரவில் டேங்கை நிறைத்து நிறுத்தினால் உள்ளே வியர்ப்பது குறையும்.

'சூடு கட்டுது' என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கம் ஊரெல்லாம் இருக்கிறது. எஞ்சின் எப்போதும் ஆறிய நிலையில் ஓடி, போர் சீக்கிரம் தேயும், டீசலும் கூடும். சூட்டுக்குக் காரணம் பெரும்பாலும் ரேடியேட்டர் குழாயில் படிந்த உப்பு. அதைச் சுத்தம் செய்து நல்ல தண்ணீரில் கூலண்ட் கலந்து ஊற்றுங்கள்.

வாங்கும்போது ஐடிலில் வைத்து ஆயில் மூடியைத் தலைகீழாக வாயில் வையுங்கள். துள்ளி விழுந்தால் பேக் கம்ப்ரஷன் (பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசியும் காற்று) கூடிவிட்டது, ரிங் போச்சு. நாசில் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள். எஞ்சின் சத்தம் தொய்ய வேண்டும். எதைத் தளர்த்தியும் மாற்றம் இல்லையோ அந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை. டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள், டீசல் கலக்கிறது; பால் காபி நிறமென்றால் தண்ணீர். பம்ப்பின் சீல் உடைந்திருந்தால் யாரோ டீசலைக் கூட்டி வைத்திருக்கிறார்கள், எஃப்.சி.க்கு (தகுதிச் சான்று) போகும்போது புகைக்கு மாட்டும். வண்டியின் வயதைப் பொறுத்து எஃப்.சி. கட்டணமும் மாறும், ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.

போய் இறங்கியதும் முதலில் பிளாக்கைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருமுன் ஓட்டிப் பதப்படுத்தி வைத்திருக்கிறார்கள். ஒரு சாயா குடித்து, முழுதும் ஆறும்வரை இருந்து, பிறகு சாவியைக் கேளுங்கள்.