பழைய ஷார்ட் ஸ்கேல் பேஸ்: ஃப்ளாட்வவுண்டா, ரவுண்ட்வவுண்டா?

1960-களின் 30 அங்குல (ஷார்ட் ஸ்கேல், அதாவது கம்பி நீளம் குறைந்த) பேஸ் கிட்டாருக்குக் கம்பி மாற்றும்போது குழப்பம் இந்த இரண்டுக்குள்தான்: மேல்சுற்று தட்டை நாடாவாக இருந்தால் ஃப்ளாட்வவுண்ட், உருண்டைக் கம்பியாக இருந்தால் ரவுண்ட்வவுண்ட்.

ஒலி: ஃப்ளாட் 'தும்' என்று உருண்டு வரும், அந்தக் காலப் பதிவுகளின் குரல் அது. ரவுண்ட் கணீரென்று ஒலிக்கும்.

விலை: ஃப்ளாட் கூடுதல், ஆனால் வருடக்கணக்கில் உழைக்கும். ரவுண்டின் பளிச் சீக்கிரம் மங்கிவிடும்.

தேய்மானம்: ரவுண்டின் சொரசொரப்பு ஃப்ரெட்டை (கழுத்தில் பதித்த உலோகப் பட்டியை) அரிக்கும்.

இழுவிசை: இங்கேதான் கவனம். ஃப்ளாட் பொதுவாக விறைப்பானது. பழைய கழுத்து வளையலாம். இழுவிசை குறைந்த செட்டாகப் பாருங்கள்.

அப்புறம், எதுவானாலும் ஷார்ட் ஸ்கேல் செட்டே வாங்குங்கள். நீளக் கம்பியை வெட்டிப் போட்டால் தடித்த பகுதி முறுக்காணியில் மடங்கி, மேல்சுற்று தளர்ந்துவிடும்.

பழைய பாணிக்கு ஃப்ளாட். பிக் (மீட்டும் சிறு தகடு) பிடித்து ராக் வாசிக்க ரவுண்ட். என் ஓட்டு ஃப்ளாட்டுக்கு.